இஸ்மத் கொடுத்த தப்பான தீர்ப்பு

இஸ்மத்தை அடக்கம் செய்த அன்று மாலை, எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு இரங்கல் போட்டார்கள். நடுவில் ஒருத்தி, "நம்ம கிளாஸிலேயே ரொம்ப அமைதியான பெண்" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஸ்மத்தா அமைதியான பெண்? ஊர்த் திருவிழாக் கூட்டத்தையே ஒற்றை விசிலில் வாயடைக்க வைத்தவள் அவள். தெரியாதவர்கள் சும்மா இருந்தால் போதும். தெரிந்த நான் எழுதுகிறேன்.

உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் படித்தோம். கபடி அணிக்கு நான்தான் கேப்டன். எனக்கு ஆட்டம் பெரிதாக வரும் என்று இல்லை, சத்தம் போட என்னை விட்டால் ஆளில்லை. நான் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். சண்டை மட்டும் தமிழில்தான் போடுவேன். இஸ்மத் ஓரத்தில் நிற்பாள், பூனை மாதிரி. 'கபடி கபடி' என்று பாடி வருகிறவளின் காலை ஒருமுறை பிடித்துவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பெண் அழுதாலும் விடமாட்டாள். விசில் அடித்த பிறகு அவளே தூக்கி விட்டு, மண்ணைத் தட்டி, "வலிக்குதுங்களா?" என்று கேட்பாள்.

பள்ளி முடிந்ததும் நான் உடற்கல்வி படித்து, சத்தியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவளுக்குச் சீக்கிரமே கல்யாணமாகிவிட்டது. கணவர் ஜாவித் அண்ணாவுக்கு உக்கடத்தில் பள்ளிக்கூடப் பை தைத்து விற்கும் கடை. பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பது இஸ்மத்தின் வேலை. மகள் யுஸ்ரா பிறந்தாள், வளர்ந்தாள். எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல வருஷங்கள் ஓடின.

திடீரென்று முப்பத்தாறு வயதில் கபடி நடுவர் தேர்வுக்குப் படிக்கப் போவதாகப் போன் செய்தாள். நான் சிரித்தேன். ஜாவித் அண்ணா போனை வாங்கி, "சிரிக்காதீங்கம்மணி, ஊட்டுல மூணு வேளையும் கபடிச் சட்டம்தான். நேத்து சோத்துக்கு உப்பே போடல" என்றார். சொன்ன தோரணையில் குறை இல்லை, பெருமைதான் இருந்தது. தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணா அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றி விடுவார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புப் பேண்ட், தலையில் கறுப்புத் துணி, கழுத்தில் விசில். பொள்ளாச்சி, காங்கயம், வெள்ளகோவில் என்று பெண்கள் ஆட்டம் நடக்கிற ஊருக்கெல்லாம் போனாள்.

"வாரம் பூரா ஜிப்பு புள்ள. ஞாயித்துக்கெழமை மட்டும்தான் நானு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்கு அது மறக்கவே இல்லை.

கோட்டுக்குள் நின்றால் அவளுக்கு எல்லாரும் 'ங்க'தான். ஆறாம் வகுப்புச் சிறுமியைக்கூட, "கோட்டைத் தொட்டுப்போட்டீங்க கண்ணு, வெளிய வாங்க" என்றுதான் அனுப்புவாள். அந்தக் குழந்தையும் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வரும் அப்பாக்களிடம், "உங்க புள்ளை நல்லா ஆடுதுங்க. நீங்கதான் உக்கார மாட்டீங்கறீங்க" என்பாள். கூட்டம் சிரித்துவிடும். அப்புறம் அந்த மனிதர் எங்கே சண்டை போடுவது?

நான்கு வருஷத்துக்கு முன்னால் வெள்ளகோவிலில் இறுதி ஆட்டம். என் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர் அணியும் மோதினார்கள். நடுவர் இஸ்மத். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசியாக அவர்கள் பக்கத்திலிருந்து நித்யஸ்ரீ என்ற பெண் பாடி வந்தாள். 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே வரவேண்டும், நடுவில் வேறு வார்த்தை வந்தால் அவுட். இது கபடி ஆடும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் காலைக் கோட்டுக்குள் நீட்டிவிட்டார். யாராவது தடுக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்று இஸ்மத் அவரைப் பார்த்து, "ஏனுங்க!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

நித்யஸ்ரீ பாட்டை விட்டுவிட்டுத் திரும்பி, "ஏனுங்க?" என்றாள்.

பிறந்ததிலிருந்து பழகின வாய். எங்கள் ஊர்களில் கூப்பிடுவதும் 'ஏனுங்க', பதில் சொல்வதும் 'ஏனுங்க'தான். 'ஏனுங்க' என்று காதில் விழுந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தூக்கத்திலும் பதில் சொல்லும். என் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நான் அவர்களைவிட உயரமாகக் குதித்தேன். கோப்பை எங்களுக்குத்தான்!

இஸ்மத் விசில் ஊதினாள். "ஆட்டத்தை நிறுத்துங்க. மறுபடியும் பாடி வரட்டுமுங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோட்டுக்குள் போய், "பாட்டு அறுந்துபோச்சு. அவுட்! மறுபடியும் பாடலாம்னு சட்டத்துல எங்க இருக்குது?" என்று கத்தினேன்.

"இல்லீங்க டீச்சர், சட்டத்துல இல்லீங்க" என்றாள். கூடப் படித்தவளுக்கு நான் டீச்சராம்! "ஆனா கூப்பிட்டது நானுங்க. கூப்பிட்டாப் பதில் சொல்லோணும்னு சொல்லித்தானுங்க புள்ளைங்கள வளத்தறோம். பதில் சொன்னதுக்கு வெளிய போன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க."

நித்யஸ்ரீ மறுபடி பாடி வந்தாள். எங்களில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

பரிசளிப்பு முடிந்ததும் போட்டிக் குழுச் செயலாளர் கோவிந்தராஜுலு என்னிடம் வந்தார். "டீச்சர், உங்களுக்கு அநியாயம் நடந்துபோச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதுமுங்க, இனி அந்தம்மாவை எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாங்க" என்றார். சும்மா சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டிக்கு யார் நடுவர் என்று முடிவு செய்கிறவர்களில் அவரும் ஒருவர். கொஞ்ச தூரத்தில் இஸ்மத் நின்றிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் பக்கம் வரவில்லை, எனக்குக் கண்ணும் காட்டவில்லை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த என் அணித்தலைவி வர்ஷினி மூக்கை உறிஞ்சிவிட்டு, "மிஸ், ஏனுங்கன்னு கூப்பிட்டிருந்தா நானும்தானுங்க திரும்பியிருப்பேன்" என்றாள்.

தோற்ற பிள்ளையே இப்படிச் சொல்கிறது.

"தீர்ப்பு தப்புங்க" என்றேன் செயலாளரிடம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்; சட்டம் சட்டம்தான். "ஆனா அடுத்த வருசமும் இவதான் விசில் ஊதோணும். இவ இல்லீன்னா எங்க டீம் வராதுங்க."

"என்னங்க டீச்சர், புரியலீங்களே" என்றார்.

"முப்பது வருசம் கூடப் பழகுனவளுக்கே சாதகமாச் சொல்லாத ஆளு. இவளை விட்டுப்போட்டு வேற யாரை நம்பி நான் புள்ளைங்களைக் கூட்டிட்டு வாரது?"

திரும்பும்போது திருப்பூர் வரை இரண்டு பேரும் ஒரே பஸ். காங்கயம் தாண்டியதும் அவளாகவே, "தப்புதான் புள்ள. தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தோற்றதற்காக இல்லை. இவள் என் கூடப் படித்தவள் என்று அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் விசிலை விடவில்லை. அவள் நடுவராக இருந்த ஆட்டங்களில் என் பிள்ளைகள் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். போன மாதம் ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. நாற்பத்தெட்டு வயது.

நான் போய்ச் சேர்ந்தபோது உக்கடத்தில் அந்தச் சந்து முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே யுஸ்ரா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் சந்து முனையில் இரண்டு வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். சிலர் அணிச் சீருடையிலேயே வந்திருந்தார்கள், ஒருத்தி காக்கிச் சட்டையில், ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு. வெள்ளகோவில், காங்கயம், சத்தியமங்கலம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். கூட்டம் சந்துக்குள் அடங்கவில்லை.

ஜாவித் அண்ணா என் பக்கத்தில் வந்தார். ஆட்டம் பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை, கடையை விட்டு வர முடியாது. "ஏனுங்கம்மணி, இவங்கல்லாம் ஆருங்க? இஸ்மத்கூட ஆடுனவங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "எல்லாரும் அவகிட்ட அவுட்டு வாங்குனவங்க."

அவர் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி அவர்களுக்கு வழிவிட்டார்.