மாடிக்கடை வெறுமையாகக் கிடக்கவில்லை

எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே காலை வைத்ததும் அந்தச் சிவப்பு நில மெழுகின் வாசம் அப்படியே மூக்கில் ஏறும் என்று நான் நினைக்கவில்லை. மகளுக்கு அன்று பிறந்தநாள். கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறாள். துறைமுகப் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலில் மீன் கட்லட் நல்லதாம் என்று யாரோ சொல்ல, என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளையும் நீலமும் அடித்து ஏசி எல்லாம் போட்டிருந்தார்கள். நிலத்தை மட்டும் பழையபடி விட்டிருந்தார்கள்.

கைகழுவிவிட்டு வருகிற வழியில் சுவரில் ஒரு பலகை. கட்டடத்தின் வரலாறாம், மூன்று மொழியிலும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், வாசிக்க நேரமெடுக்கும். விரலை வைத்து வாசித்தேன். இங்கே பெரிய கடை ஒன்று இருந்தது, கப்பல்காரரும் பட்டினத்துப் பெரியவர்களும் வந்து சாமான் வாங்கினார்கள் என்று எழுதியிருந்தது. சரிதான். அடுத்த வரியில், "அதன்பின் இக்கட்டடம் நெடுங்காலம் யாருமற்று வெறுமையாகக் கிடந்தது" என்று இருந்தது. இன்னொரு தரம் வாசித்தேன். கை ஈரம் காய்ந்துவிட்டது, நான் அங்கேயே நிற்கிறேன்.

நீங்களே சொல்லுங்கள், யாருமற்று என்றால் நாங்கள் யார்?

கடை நடந்த காலத்திலேயே எனக்கு அந்தக் கட்டடம் தெரியும், மாடிக்கடை என்றுதான் சொல்வோம். பதினேழு வயதில் மாமா ஒருவர் கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கீழே காலில் போடுகிற சப்பாத்து, பீங்கான், வாசனைச் சாமான், விளையாட்டுச் சாமான். மேலே சேலை, சீத்தைத் துணி, தையல் சாமான். கப்பல் வந்து நின்றால் அன்று கடையில் கால் வைக்க இடமிருக்காது. என் குரல் அப்போதும் இப்படித்தான். விலை கேட்டவர்கள் குனிந்து என் வாய்க்குக் கிட்டக் காதைக் கொண்டுவர வேண்டும். அது வியாபாரத்துக்கு உதவாது என்று கண்டு, வீதிப் பக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற பொம்மைகளுக்குச் சேலை உடுத்துகிற வேலையைத் தந்தார்கள். ஆள் உயரப் பொம்மைகள். வீதியில் ஆண்கள் நின்றால் எனக்கு அந்தப் பொம்மையின் கொசுவத்தைச் செருகக்கூட ஏலாது. அதனால் கடை திறக்க முதலே போய், வீதி வெறிச்சென்று இருக்கும்போது உடுத்தி முடித்துவிடுவேன்.

கலியாணமாகிச் சாம்பல்தீவுக்குப் போய்விட்டேன். நாட்டில் இனப் பிரச்சினை தொடங்கியதும் முதலாளி சாமான்களை ஏற்றிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். சில ஆண்டு கழித்து எங்கள் ஊரும் ஓடியது. எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். நானும் கணவரும் இரண்டு நாள் பற்றைக்காட்டுக்குள் கிடந்துவிட்டுப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தால், மாடிக்கடைக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே முழுக்கச் சனம். பழைய மேசைகளையும் கண்ணாடி அலுமாரிகளையும் இழுத்து மறைப்பாக வைத்துக் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள்.

கிளிவெட்டியிலிருந்து வந்த சின்னமணி அக்கா என்று ஒருவர். நெடிய ஆள், வாய் ஓயாது. அவர்தான் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கட்டடம் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். "ஓம், நான் இங்க வேலை செய்தனான்" என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: நீங்கள் இருக்கிறது சப்பாத்து, அவர்கள் இருக்கிறது பீங்கான், அந்த மூலை வாசனைச் சாமான். சும்மா சொன்னதுதான். அடுத்தநாள் பார்த்தால் அதுவே எல்லோருக்கும் வீட்டுப் பெயராகிவிட்டது. நிவாரணம் பதிய வந்த கிராமசேவகரும் "சப்பாத்து, அஞ்சு பேர், பீங்கான், ஏழு பேர்" என்று எழுதிக்கொண்டு போனார்.

வெளிநாட்டுக் கடிதமும் அந்த விலாசத்துக்கே வந்தது. கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் தபால்காரர், எங்களுக்குக் காக்கா, வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "பீங்கான், கனடாவிலயிருந்து வந்திருக்கு" என்று கூப்பிடுவார். வாசனைச் சாமான் பெட்டைக்கும் விளையாட்டுச் சாமான் பெடியனுக்கும் ஒரு விருப்பம் வந்து, அது கலியாணம் வரை போனது. பாவம், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் அகப்பட்டார். அவருக்குக் கிடைத்தது மாடியில் பெண்களின் உள்ளாடை விற்ற பகுதி. ஒருநாள் என்னிடம் தனியாக வந்து, "பிள்ளை, நீர்தானே பேர் வைச்சனீர், நீரே மாத்திவிடும்" என்று கெஞ்சினார். நான் நூல்கட்டைப் பகுதி என்று மாற்றிப் பார்த்தேன். சின்னமணி அக்கா விடுவாரா? "வாத்தியாரின்ர மரியாதைக்கு இவ்வளவு வெள்ளையான இடம் வேற எங்க கிடைக்கும்?" என்றார். அந்தப் பெயர் கடைசிவரை போகவேயில்லை.

எங்களுக்கு எது கிடைத்தது என்று கேட்கிறீர்களா? பிந்தி வந்தவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் கண்ணாடிப் பெட்டி. பொம்மைக்கு உடுத்தவே வெட்கப்பட்டவள் வீதியைப் பார்த்தபடி அதற்குள்ளேயே குடியிருந்தேன். கணவர் கண்ணாடிக்கு உள்பக்கமாகச் சுண்ணாம்பு அடித்தார். சின்னப்பிள்ளைகள் வீதியைப் பார்க்க அதைச் சுரண்டுவார்கள். அவர் திரும்ப அடிப்பார். இவர்கள் திரும்பச் சுரண்டுவார்கள். கொஞ்ச நாளில் எனக்கு வெட்கம் அலுத்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் பிறந்தது சேலைப் பகுதிக்குப் பக்கத்தில், உடுப்பு மாற்றிப் பார்க்கிற சின்ன அறையில். அன்று பகலும் ஊரடங்கு, வெளியே போக வழியில்லை. சின்னமணி அக்காதான் பிள்ளையைக் கையில் ஏந்தினார். மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. நான் கண் திறந்து பார்த்தால் எங்கு திரும்பினாலும் பிள்ளையோடு ஒரு சின்னமணி அக்கா. "ஒரேயடியா நாலு பெத்திருக்கிறாய், நாலு பேர் யோசி" என்றார். அந்த வலியிலும் சிரித்தேன். மாடி முழுக்கச் சிரித்தது.

இதெல்லாம் நடந்த இடம் யாருமற்றுக் கிடந்ததாம்.

ஹோட்டலை நடத்துகிற முகாமையாளர் இளம் பெடியன், மரியாதையானவர். கிட்டப் போய்ச் சொன்னேன். அவரும் குனிந்துதான் கேட்டார்.

"தம்பி, இது பிழை. நாங்கள் இருந்தனாங்கள். இந்தா நிக்கிற என்ர மகள் இங்கதான் பிறந்தவ."

அந்தப் பலகை கொழும்பிலிருந்து வந்தது, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அகதியள் இருந்த இடமெண்டு போட்டா வாற ஆக்களுக்குச் சாப்பாடு இறங்காது அம்மா" என்றார்.

"எங்களுக்கு இறங்கினது தம்பி. இந்த நிலத்தில இருந்துதான் பாணும் பருப்பும் திண்டனாங்கள்."

மகள் என் முழங்கையைப் பிடித்து, கட்லட் ஆறுகிறது என்று இழுத்துக்கொண்டு போனாள். ஓட்டோவில் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, முகாமில் பிறந்த கதையைக் கச்சேரியில் ஒருத்தருக்கும் தான் சொன்னதில்லை என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளை அகதி என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். "நீ சொல்லாட்டி விடு. நான் சொல்லுவன்" என்றேன்.

அடுத்த கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போனேன். அதற்கடுத்த கிழமையும் போனேன். ஒரு வெறுந்தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன், முகாமையாளரிடம் அதே கதையைச் சொல்வேன், வருவேன். நாலாம் தரம் மகள் தானும் வருகிறேன் என்றாள். மாடியில் ஏறி, அந்த அறை எந்த இடம் என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் இப்போது லிஃப்ட் ஏறி இறங்குகிறது. அவள் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு திறந்தது, மூடியது, அவள் ஏறவில்லை.

கீழே வந்தபோது முகாமையாளர் சந்தோஷமாக எதிரே வந்தார். கொழும்புக்கு எழுதியிருந்தாராம், பலகையைத் திருத்திவிட்டார்களாம். நான் திரும்ப விரலை வைத்து வாசித்தேன். யாருமற்று என்ற சொல் இல்லை. வெறுமை இல்லை. அந்த வரியே இல்லை. கப்பல்காரர் சாமான் வாங்கினார்கள், பிறகு ஹோட்டல் திறந்தது, அவ்வளவுதான். முன்பு எங்கள் காலத்தைப் பற்றி ஒரு பொய்யாவது அங்கே இருந்தது. இப்போது அந்தக் காலமே இல்லை. சின்னமணி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், வாத்தியாரும் இல்லை. மற்றவர்கள் எந்தெந்த நாட்டிலோ. அந்த விலாசத்துக்கு இனி யாரும் கடிதம் எழுதப் போவதில்லை.

இப்ப சரிதானே அம்மா என்று முகாமையாளர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுதல் மகள் சொன்னாள்:

"சரியில்லை. நாங்கள் அடுத்த கிழமையும் வருவம்."