ஐந்தாவது பன்றியின் காய்ச்சல்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கால்நடை டாக்டர். தெர்மாமீட்டரை அரைகுறையாக வைத்து உருவுகிறவனைக் கண்டால் வெடிப்பாள். பூட்ஸைக் கழுவாமல் அடுத்த அறைக்குள் கால் வைக்கிறவனைக் கண்டாலும் வெடிப்பாள். மைக்ராஸ்கோப் அறையில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும் நானும் அவளிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் கோபம் அன்றன்றைக்கே ஆறிவிடும். எங்கள் இயக்குநர் மேல் எனக்கு வந்தது இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

பன்றிகளுக்கு வரும் அந்தக் கொள்ளைக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. வந்தால் கொட்டகையே காலி. அந்த வைரஸிலிருந்து பன்றியைக் கொல்லும் மரபணுக்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை உயிரோடு ஊசியாகப் போடுவதுதான் எங்கள் வேலை. பல் பிடுங்கிய பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றியின் உடம்பு அதைப் பார்த்து எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். ஆனால் உயிருள்ளது பெருகும், பெருகும்போது மாறும். அதனால் ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தை இரண்டாவது பன்றிக்கு ஏற்றி, அதன் ரத்தத்தை மூன்றாவதற்கு ஏற்றி, இப்படியே ஐந்தாவது வரை கொண்டுபோய், பல் மறுபடி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை அவள் பொறுப்பு.

நான்கு வரை ஒரு குறையும் இல்லை. ஐந்தாவதற்குக் காய்ச்சல் கண்டது. நன்றாகவே சுட்டது. பிறகு தானாகத் தணிந்து, தீவனமும் தின்றது.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. எந்த விரிசலையும் பூசி மெழுகிவிடுவார். ஊசி எப்போது வெளிவரும் என்று மேலிடத்துக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"துரத்திப் பிடிச்சிருப்பீங்கம்மா. ஓடின பன்னிக்கு உடம்பு சுடத்தானே செய்யும்?" என்றார்.

"நான் எங்க சார் துரத்தினேன்? படுத்துக் கிடந்துச்சு. தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்கல."

"ஒரு பன்னிக்காக மொத்த வேலையையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிறுத்தச் சொல்லல. திரும்பச் செய்யணும்னு சொல்றேன். அதுவரைக்கும் ஊசி பாதுகாப்பானதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் தம்பி பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். நோய் அந்தப் பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்ததும் தெரியும். முதல் ஊசி அந்த வட்டாரத்துக்குத்தான் என்று அறிவித்தார். சொந்தத் தம்பியின் பிழைப்பு என்றால் அக்கா இறங்கி வருவாள் என்ற கணக்கு. மனுஷனா இவர்?

தம்பி போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "என்னக்கா, நீ செஞ்ச மருந்து, உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான்.

"நான் செஞ்சதுடா, அதனாலதான் சொல்றேன். போடாத. வேலியை இறுக்கிக் கட்டு, வெளியாள் யாரையும் உள்ள விடாத. கொஞ்சம் பொறு."

"நோய் பொறுக்குமா?"

அதற்கு அவள் ஏதேதோ சொன்னாள். கடைசியில் அவன், "சரிக்கா, நீ சொன்னா சரி," என்று வைத்துவிட்டான்.

அவள் போடாத கையெழுத்தை வேறொருவர் போட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் எங்கும் ஒருவராவது கிடைப்பார். அவளைப் பன்றி அறையிலிருந்து தூக்கி, கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு மேற்பார்வையாக மாற்றினார்கள். தம்பியின் பண்ணையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பன்றிகளுக்கு ஊசி போட்டார்கள். அவன் மட்டும் போடவில்லை. அக்கா பேச்சைக் கேட்ட பைத்தியக்காரன் என்று ஊரே சிரித்ததாம்.

அப்புறம் அவன் பன்றிகள் சாக ஆரம்பித்தன. காது நீலம் பாய்ந்து, பின்னங்கால் மடங்கி, ஒவ்வொன்றாக. கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "பார்த்தீங்களா? ஊசி போட்டிருந்தா பிழைச்சிருக்கும்," என்று மேஸ்திரி உணவுக்கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

செத்த பன்றிகளின் ரத்தம் என் மேஜைக்குத்தான் வந்தது. அதிலிருந்த வைரஸை ஆய்வகத் தட்டில் உள்ள செல்களில் விட்டு வளர்த்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மரபணுவை வெட்டிய இடத்தில், அடையாளத்துக்காக, ஒளிரும் மரபணு ஒன்றை நாங்கள் ஒட்டியிருந்தோம். வெளியில் திரியும் நோய் வைரஸ் என்றால் மைக்ராஸ்கோப்பில் இருட்டாக இருக்கும். எங்களுடையது என்றால் பச்சையாக ஒளிரும்.

பச்சையாக ஒளிர்ந்தது. தட்டு முழுக்க.

அவளைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தாள், நிமிரவே இல்லை. அதற்குள் எப்படியோ மோப்பம் பிடித்து மேஸ்திரியும் வந்துவிட்டார். பார்த்தார். "சாம்பிள் கலந்துபோயிருக்கும். இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது," என்றார்.

அவள் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேராகவே தம்பியை அழைத்தாள். "உன் பன்னிக்கு வந்தது வெளி நோய் இல்லடா. சுத்தி இருக்கிற கொட்டகைல போட்ட ஊசி. அதுங்க உடம்புல இருந்து பரவி, வலுத்துப்போய், உன் பன்னிக்கு வந்திருக்கு. நான் செஞ்ச வைரஸ்தான்."

தம்பி சுற்றியுள்ள பண்ணைகளைப் பற்றிக் கேட்டான்.

"அவங்க பன்னிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

"அதுங்களுக்கு ஊசியால எதிர்ப்பு வந்துடுச்சு. உன்னுதுக்கு இல்ல."

"அப்ப நீ சொன்னது சரிதானேக்கா?"

"சரிதான்டா."

"உன் பேச்சைக் கேட்டவன் நான் ஒருத்தன்தானே. அப்புறம் ஏன்க்கா என் கொட்டகை மட்டும் காலியா கிடக்கு?"

மேஸ்திரி கையை நீட்டி மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, மறுபடியும் போட்டேன்.