சந்துக்குள் போன மில்

மிளகாய் அரைக்கிறவளுக்குக் கண் எரியும் என்பது ஊருக்கே தெரியும்; வயிறும் எரியும் என்பது, மாத்தளை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த என் மில்லைச் சந்துக்குள் மாற்றிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளப்பிவிட்டார்கள். கூப்பிடு தூரம்தானே, ஆட்கள் வராமலா போவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. தீபாவளிக்குள் வராவிட்டால் மெஷினை விற்க வேண்டியதுதான் என்றாகிவிட்டது. கடை மாற்றி நொந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

அனாதை வாளிகள்

சாமான் வாளியை வரிசையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவதுதான் எங்கள் மில் வழக்கம். முன்பு பஸ்ஸுக்கு நிற்கும்போது மில் கண்ணில் படும். ஓடி வந்து தூளை எடுத்துக்கொள்வார்கள். இப்போது அங்கே தகர வேலிதான் தெரிகிறது. பல்லேபொல ஊரிலிருந்து வரும் ராணியம்மா தூளை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வந்து கோபித்துக்கொண்டதும் என்னைத்தான்.

"நீங்க கண்ணுல பட்டிருந்தா நான் ஏன் மறக்கப் போறேன்? ஒளிஞ்சுக்கிட்டது நீங்கதானே."

அறிவிப்புப் பலகை

வேலியில் அம்புக்குறி போட்டு ஒரு பலகை மாட்டினேன். அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நின்ற பழைய வாடிக்கைக்காரர் என்னைக் கேட்டார்:

"இங்க ஒரு மில் இருந்துச்சே, மூடிட்டாங்களா?"

கோயிலில்

மில் பிழைக்க வேண்டுமென்று அம்மனிடம் வேண்டிக்கொள்ளப் போனேன். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தேன். வருஷக் கணக்காக என்னிடம் தூள் அரைக்கும் டீச்சர் எதிரில் வந்து, என்னை உற்றுப் பார்த்து, "நீங்க ஆஸ்பத்திரியில நர்ஸா?" என்றார். அம்மனுக்காவது என்னைத் தெரிந்ததா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. நான் யாரென்று சொன்னதும் டீச்சர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"தலையில துண்டும் மூஞ்சில செவப்புத் தூளும் இல்லாம வந்தா எப்படிங்க தெரியும்?"

இருமல்

ஒருநாள் ஆத்திரத்தில் வறுக்கிற அடுப்பை மில்லின் பின்பக்கத்திலிருந்து சந்து முனைக்குத் தூக்கி வந்து, கொச்சிக்காயை, அதாவது காய்ந்த மிளகாயை, வறுத்தேன். காற்று பஸ் நிறுத்தம் பக்கம் அடித்தது. யட்டவத்த பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் இருமினார்கள். த்ரீவீல்காரர் ஒருவர் திட்டவே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், மில் மாறியதிலிருந்து நான் காணாத ஒரு அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

"காரம் தொண்டையில ஏறினப்பதாங்க வீட்டுல தூள் முடிஞ்சது ஞாபகம் வந்துச்சு. இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

தீபாவளிக்கு மெஷின் என்னிடமே இருந்தது. நான் உயிரோடு இருப்பதை ஞாபகப்படுத்த, இப்போது தினமும் ஊரையே இரும வைக்கிறேன்.