முட்டை ஓடும் கோட்டுப் பொத்தானும்

அவளைத் தெருவில் ‘ஜிப்பு அக்கா’ என்றால்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பொத்தான்கள். அவ்வளவுதான் கடை. புதுத்துணி தைக்க மாட்டாள். பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்து விடுவாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள். தெருவில் யாருக்குத் தொப்பை போட்டது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் கொன்று போட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். அப்பேர்ப்பட்ட கமுக்கம்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவள் வீட்டு மரத்துக்குக் கடையிலிருந்து ஒரு துரும்பும் வராது. தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் நட்சத்திரமாகும். காலித் தீப்பெட்டி, வெட்டுத்துணி சுற்றிக்கொண்டு பரிசுப் பெட்டியாகும். ஆனால் மரத்துக்கு ராஜா முட்டை ஓடுதான். முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால், உள்ளே இருப்பதெல்லாம் மறுபக்கம் வழியாகக் கிண்ணத்தில் விழும். காலி ஓடு காய்ந்ததும் சாயம் பூசி, துளையை மறைக்க ஒரு பொத்தானை ஒட்டி, நூல் கோத்துத் தொங்கவிடுவாள்.

“ஏன் அண்ணி இந்தப் பாடு? கடையில பிளாஸ்டிக்ல கொத்துக்கொத்தா தொங்குதே” என்பாள் நாத்தனார்.

“அது கீழ விழுந்தாலும் உடையாது. உடையாத சாமானை யாரு பத்திரமா வெச்சுக்குவா?”

அந்த வருஷம் அவளுக்கு வேறு கவலை. கணவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, ஒரு வழியாகப் பிழைத்து வீடு வந்தார். மனிதர் பாதியாகியிருந்தார். மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார். மூச்சு வாங்குகிறது என்று சொல்வாரா? சுவர் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, “எவன் பதிச்சானோ, கோணலா வெச்சிருக்கான்” என்று, பாவம், ஊர்பேர் தெரியாத யாரையோ திட்டுவார்.

தினமும் பலூன் ஊத வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரல் விரியாது, திரும்பவும் இங்கேதான் வந்து படுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவளும் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

“நான் என்ன பச்சப்புள்ளையா, உக்காந்து பலூன் ஊத?” பாக்கெட் பிரிக்கப்படாமலே ஃபிரிட்ஜ் மேல் போய்ச் சேர்ந்தது. கெஞ்சினாள், சண்டை போட்டாள், அழுதும் பார்த்தாள். ம்ஹூம், பாச்சா பலிக்கவில்லை. ‘உடம்புக்கு நல்லது’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் முறுக்கிக்கொள்வார். பிடிவாதத்துக்கென்றே பிறந்த மனுஷன்.

ஒருநாள் மதியம் முட்டைக் கூடையோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். “என்னங்க, எனக்கு வாய்ப்புண்ணு. ஊத முடியல. இதைக் கொஞ்சம் ஊதித் தர்றீங்களா?”

“இவ்வளவுதானே? கொண்டா.”

அன்று கோணி ஊசியை எடுத்து, மறுபக்கம் பெரிய துளையாகவே போட்டுக் கொடுத்தாள். அப்படியும் முகம் சிவந்து, இருமி, நாலு தடவை நிறுத்தித்தான் ஒரு முட்டையைக் காலி செய்தார். அவள் கையிலிருந்த துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் அவர் மூச்சிலேயே இருந்தது.

“ஓடு ரொம்பக் கெட்டி” என்று கோழியின் மேல் பழியைப் போட்டார்.

“ஆமாங்க, இப்ப வர்ற முட்டையே அப்படித்தான்” என்றாள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

அதிலிருந்து தினமும் முட்டைதான். காலையில் ஆம்லெட், மதியம் முட்டைப் பொரியல், ராத்திரிக்கும் அதுவே. “இந்த வீட்டுக்கு வந்தாலே எனக்குக் கொக்கரிக்கத் தோணுது” என்றாள் நாத்தனார். அவர் காதில் எதுவும் விழவில்லை. ஒவ்வொரு முட்டையையும் ஊதி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா?” என்று நெஞ்சை நிமிர்த்துவார். அவள் ஊசியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே வந்தாள், ஒன்றைவிட ஒன்று மெல்லிசாக. ஒரு சாயங்காலம் அவர் யாரையும் திட்டாமல் நேராக மாடியேறி உள்ளே வந்துவிட்டார். அவள் மாவு டப்பாவைத் தேடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் அழுது தீர்த்தாள்.

மரம் ஜோடிக்கும் நாள் வந்தது. முதலில் செய்தது கீழே, கடைசியில் செய்தது உச்சியில் என்பது அவள் வழக்கம். அந்தப் பழக்கதோஷம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. மரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். கீழ்க் கிளைகளில் பெரிய பெரிய கோட்டுப் பொத்தான்கள். நடுவில் சட்டைப் பொத்தான். அதற்கு மேல் குழந்தைச் சட்டையில் வைக்கிற குட்டிப் பொத்தான். உச்சியில் வெறும் பாசிமணி.

கீழே ஒன்று, மேலே ஒன்று கழற்றினார். நகத்தால் பொத்தானையும் மணியையும் பெயர்த்துவிட்டு, இரண்டு ஓடுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“ஓட்டை ஏன் சின்னதாகிட்டே போகுது?”

இனி ஊதவே மாட்டாரே, எல்லாம் போச்சே என்று அவள் பதறினாள். மரம் ஜோடிக்க வந்திருந்த நாத்தனார் மெதுவாகச் சமையலறைக்குள் நழுவினாள்.

“உங்க பிடிவாதத்துக்கு எனக்கு வேற வழி தெரியலைங்க.”

அவர் ஃபிரிட்ஜ் மேல் இருந்த பலூன் பாக்கெட்டைப் பார்த்தார். “அப்போ வாய்ப்புண்ணு?”

“இல்ல.”

அவர் இரண்டு முட்டைகளையும் அதனதன் கிளையிலேயே மாட்டினார். கூடையிலிருந்து ஒரு புது முட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய ஊசிப்பஞ்சிலிருந்து ஒரு ஊசியை உருவிப் பார்த்து, வேண்டாமென்று திரும்பக் குத்தினார். இன்னொன்றையும் பார்த்துக் குத்தினார். இருப்பதிலேயே மெல்லிய ஊசியைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதுல போடு. பாத்துடுவோம்.”

அவளுக்குக் கண்ணீர் மறைத்து ஊசிமுனையே தெரியவில்லை. முட்டையை அவரே அசையாமல் பிடித்துக்கொண்டார்.