தோளில் போட்டுக் காட்டுவது

கிள்ளான் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை செய்த ஜவுளிக்கடை பின்னால் இருந்தது. முகத்துக்குப் பூசும் பழுப்புக் கிரீம் கழுத்திலிருந்து வழிந்து காலரை நனைத்திருந்தது. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். துடைக்கத் தோன்றவில்லை.

பள்ளியில் ஐந்தாம் படிவம்கூட முடிக்காதவன் நான். ஷா ஆலம் தொழிற்சாலை, செமினியில் வீடு கட்டும் வேலை என்று சுற்றி, எங்கும் ஒட்டவில்லை. இந்தக் கடையில்தான் மூன்று தீபாவளி ஓடியது. என் தோள்தான் காரணம். முந்தானையை மடித்து இடது தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாங்க வந்த ஆன்டிக்கு என் மீசை கண்ணில் படாது. அந்தச் சேலையில் அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் கழுத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து, பரவியது. தோலில் நிறம் போகிறது, யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். கடையில் சொன்னேன். முதலாளி தலையாட்டினார். ஆனால் நான் போட்டுக் காட்டிய சேலையை விட்டுவிட்டு, "அதே கலர்ல பிரிக்காத பீஸ் இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

"ஸ்டோருக்குப் போயிரு லா. அங்க யாரும் பாக்கமாட்டாங்க," என்றார் முதலாளி.

ஜன்னல் இல்லாத அறையில் பெட்டி உடைக்கும் வேலை அது. தீபாவளிவரை முன்னால் நிற்கிறேன் என்று கெஞ்சினேன். பிளவுஸ் பக்கம் நின்ற அக்கா தன் கிரீமை நீட்டினார்.

"பூசிக்கோ தம்பி. கல்யாணப் பொண்ணுங்களையே ஆள் மாத்துது, உன் கழுத்து எம்மாத்திரம்!"

பூசினேன். புதுப் பீஸ் கேட்பது நின்றது.

நான் கடையை விட்டு வந்த அன்று ஏர்கான் ஓடவில்லை. கல்யாணத்துக்கு எடுக்க வந்த குடும்பத்துக்கு வெண்பட்டைத் தோளில் போட்டுக் காட்டினேன். பெண்ணின் அம்மா, "இப்படித் திரும்புங்க, இன்னும் கொஞ்சம்," என்றார். திரும்பினேன். வேர்த்தது. சேலையை எடுத்தபோது பட்டில் பழுப்புக் கறை. அந்த அம்மா கறையைப் பார்த்தார், பிறகு என் கழுத்தை.

"ஐயய்யோ, இத மறைச்சிக்கிட்டா எம் பொண்ணு சேலையப் போட்டான்!"

முதலாளி என்னைத் திட்டவில்லை. சேலையை விரல் நுனியால் தூக்கி ஓரமாக வைத்தார். "ஸ்டோர் ஆளுங்க, ஆன்டி. ஆள் பத்தலன்னு இன்னிக்கு மட்டும் நிக்க வெச்சேன்," என்றார்.

பிளவுஸ் அக்கா தலையைத் தூக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை செலாயாங் மொத்தச் சந்தையில் வெங்காய லோரிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் எடுத்த அண்ணன் என் தோளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தாங்குமா?"

"தாங்கும்ணே."

தோளில் போட்டுக்கொள்ள ஒரு கோணித்துணியை வீசினார். என் கைகள் அதை மடிப்பு மடிப்பாக எடுத்து, ஓரம் சரியாகத் தொங்கும்படி இடது தோளில் போட்டன.

"டேய், யாருக்குடா சேலை காட்டுற?" என்றார். லோரிமேல் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் முதல் மூட்டையை அந்தத் தோளில் இறக்கினார்கள்.