பெல்ஃபாஸ்ட்டுக்குப் போன கண் பஸ்

எங்கள் பள்ளத்தாக்கில் நோனி கிரிஃபின் என்ற வயதான அம்மாவின் வீடுதான் கடைசி. அதற்கு மேல் சாலை கிடையாது. மலையும் நோனியின் ஆடுகளும்தான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெற்றோர் போன பிறகு அந்த ஆடுகளைத் தனியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பால் வாங்கவும் ஞாயிறு பூசைக்குப் போகவும் கார் வேண்டும். அந்தக் காரை இனி எடுக்கக் கூடாது என்று போன வருடம் டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை.

நோனியின் அக்கா மகன் ஃபெர்கல் கார்க் நகரத்தில் இருக்கிறான். ஆடுகளை விற்றுவிட்டு டவுனில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொல்லி வாராவாரம் போன் செய்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். இலையுதிர் காலத்து ஆட்டுச் சந்தைக்குள் கண் சரியாகாவிட்டால் அவன் சொன்னபடி கேட்பதாக நோனி ஒரு நாள் அலுத்துப்போய் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நோனியின் பெயர் இருக்கத்தான் செய்தது, ஆனால் வாலில். அதற்குக் காரணம் அவரேதான். எங்கள் கெர்ரி மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. காலை ஒடித்துக்கொண்டு கிடப்பவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். டாக்டரிடம் குறை சொன்னால் நம்மைவிட முடியாத ஒருவரின் இடத்தைப் பிடுங்கிவிட்டதாக நினைப்பு. முதல் தடவை கண் டாக்டர் கேட்டபோது நோனியும் அதையேதான் சொன்னார். அவசரமில்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள்.

எங்கள் நாட்டில் அரசு ஆஸ்பத்திரிக்கு வரிப்பணம் போகிறது. அது போதாமல் மக்களில் பாதிப் பேர் தனியாகவும் காப்பீடு கட்டுகிறார்கள். கட்டியவர்களுக்குச் சீக்கிரம் கதவு திறக்கும். கட்டாதவர்களுக்கு வரிசை. ஆனால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எல்லை தாண்டி வடக்கே, வேறு நாட்டு ஆட்சியில் இருக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டால், இங்கே ஆகியிருக்கும் செலவு அளவுக்கு அரசே திருப்பித் தந்துவிடும். முதலில் கையிலிருந்து போட வேண்டும். அதற்காகவே எங்கள் கவுன்சிலர் ஒருவர் பஸ் விடுகிறார். ஊரில் அதன் பெயர் கண் பஸ். ஒவ்வொருவரும் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். நோனிக்குத் துணையாகப் போனவர் பக்கத்துப் பண்ணைக்காரரான என் அப்பா ஜெர். அவர் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கிளம்பி ஊர் எல்லை தாண்டும்வரை பஸ்ஸில் ஜெபமாலை சொன்னார்கள். அது முடிந்ததும் ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்து அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். முன் சீட்டில் டென்னி என்று ஒருவர். ஜெர்மனியில் ரொம்ப காலம் கொத்தனாராக இருந்தவர். அங்கே வைத்தியத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், பாதியை முதலாளி போடுவார் என்று விளக்கினார்.

“போன் பண்ணா அடுத்த வாரமே வான்னுடுவான். ஆனா சம்பளச் சீட்டைப் பாத்தா கண்ணுல தண்ணி வரும்.”

“உமக்குப் பரவாயில்லையே, தண்ணியாவது வருது,” என்றார் நோனி. பஸ் முழுக்கச் சிரித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் அறுவைக்கு முன்னால் ஒரு சோதனை. சுவரில் இருக்கும் எழுத்துகளை மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனவர்கள் வாசித்ததெல்லாம் வெளியே பெஞ்சில் இருந்த நோனியின் காதில் விழுந்தது. முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் தடுமாறுவது அவமானம் என்று நினைத்தாரோ என்னவோ, அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டார். தன் முறை வந்ததும் ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொல்லி முடித்தார்.

டாக்டர் இளம்பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு யோசித்தார். புரை இருக்கிறது, ஆனால் இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள், எந்த அறுவையிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு, தொந்தரவு இல்லையென்றால் ஒரு வருடம் பொறுக்கலாமே என்றார். அன்றாட வேலைகள் எப்படிப் போகின்றன என்றும் கேட்டார்.

“நல்லாத்தான் போகுது டாக்டர்.”

 அப்பா நோனியின் முழங்கையைப் பிடித்தார்.

“நோனி, ஒரு வருஷம்னா சந்தை முடிஞ்சிடும். வீடும் போயிடும். உண்மையச் சொல்லுங்க.”

 நோனி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எழுத்து ஒண்ணுகூடத் தெரியல டாக்டர். முன்னாடி போனவங்க சொன்னதத்தான் சொன்னேன். அன்னிக்கு வாசல்ல நின்ன ஆளுக்கு வணக்கம் சொல்லி, உள்ள வாங்க, டீ குடிங்கன்னேன். கிட்டப் போனா என் மழைக்கோட்டு.” டாக்டர் சிரித்தார். நோனி சிரிக்கவில்லை. “வசந்தத்துல ஒரு குட்டி வாய்க்கால்ல விழுந்து கெடந்துச்சு. அது பக்கத்துலயேதான் நடந்து போயிருக்கேன். கத்தக்கூட அதுக்குத் தெம்பு இல்ல. எனக்குத் தெரியல. மறுநாள் நாய்தான் இழுத்துட்டு வந்துச்சு.”

இவ்வளவையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, வலது கண்ணை இன்றைக்கே செய்துவிடலாம் என்றார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்ட நர்ஸின் பெயர் ஆர்லீன். அவர் எல்லோரையும் செல்லம் என்றுதான் கூப்பிட்டார். இங்கே அரசு வைத்தியத்துக்குக் காசே கிடையாதாமே, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார் நோனி.

“இலவசந்தான் செல்லம். எங்க அக்கா இடுப்பு மாத்த வருஷக்கணக்கா இலவசமாக் காத்துக்கிட்டிருந்தா. கடைசில தெக்க உங்க டப்ளினுக்குப் போய்ப் பண்ணிக்கிட்டா.”

“அப்ப நடுவழில பாத்துக் கையாட்டியிருக்கலாமே,” என்றார் நோனி.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். பள்ளி முடித்துவிட்டு வேலை தேடுகிற நேரத்தில் மூன்று நாட்டு முறைகளையும் ஒப்பிட்டு வாசித்துப் பார்த்தேன். எந்த முறையிலும் பணம் மக்கள் பையிலிருந்துதான் வருகிறது. வரியாகப் போகலாம், சம்பளத்தில் பிடிக்கலாம், நோய் வந்தபின் கையிலிருந்து கொடுக்கலாம். முதல் இரண்டிலும் நன்றாக இருப்பவர் முடியாதவருக்காக முன்கூட்டியே கொடுத்து வைக்கிறார். அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சேர்ந்த பணமும் இருக்கிற டாக்டர்களும் போதாத இடத்தில், நோயாளி மீதியைக் காத்திருந்து கட்டுகிறார். வரிசையும் ஒரு கட்டணம்தான். பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஆஸ்பத்திரிக் கட்டில்களையாவது பகிர்ந்துகொண்டால் அந்தக் கட்டணம் குறையும். இதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. ஒரு பஸ் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

மறுநாள் காலை விடுதியில் சாப்பிடும் நேரத்தில் கண் மூடியை எடுத்தார்கள். முட்டையும் பன்றி இறைச்சியும் ஆறிக்கொண்டிருக்க, எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். டென்னி நோனியை உற்றுப் பார்த்துவிட்டு, நேற்றுவரை நீங்கள் இன்னும் இளமையாக இருந்தீர்கள் என்றார். உங்கள் சட்டையில் நேற்றைய டீ அப்படியே இருக்கிறது என்றார் நோனி. அப்புறம் ஜன்னலுக்குப் போய், எதிர்க் கட்டடத்தின் செங்கல்களைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். ஒவ்வொரு செங்கலுக்கும் தனி விளிம்பு இருக்கிறது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து எங்கள் டாக்டர் சோதித்துவிட்டு, வலது கண் பார்வையே போதும், கார் ஓட்டலாம் என்றார். இடது கண்ணுக்கு அடுத்த கண் பஸ்ஸில் இடம் சொல்லியாயிற்று.

சந்தைக்கு முந்தின ஞாயிறு ஃபிளாட் விஷயம் பேசி முடிக்க ஃபெர்கல் ரயிலில் வந்தான். கில்லார்னி ஸ்டேஷனில் என் அப்பா வந்து கூட்டிப்போவார் என்று நினைத்திருந்தான். வெளியே நோனியின் பழைய கார் நின்றது. கழுவி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நோனி உட்கார்ந்திருந்தார். அவன் பையோடு அப்படியே நின்றுவிட்டான்.

“என்ன சித்தி இது?”

“ஏறு,” என்றார் நோனி. “ஆட்டுக்குத் தீவனம் வாங்கணும், கடை மூடிடுவான். ஃபிளாட்டப் பத்தி ஏதாவது பேசணும்னா போற வழில பேசு.”

வீடு வந்து சேரும்வரை அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.