யாரும் எடுத்துக்கொள்ளலாம்

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் மையத்தில், புதிதாக நிரல் எழுதப் பழக வந்தவர்கள், சொல்லிக்கொடுத்த அவளைக் கமா அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதல் நாளே கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டுவாள். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும், இதற்கு யார் தயவும் வேண்டாம் என்பாள். அதைச் சொல்லும்போது சாமி கும்பிடுகிறவள் முகம் போல ஆகிவிடும்.

புத்தகத்து உதாரணங்கள் அவளுக்கு ஆகாது. ஒவ்வொரு பேட்ச்சையும் தெருவுக்கு அனுப்பி, எந்த மருந்துக்கடை எப்போது திறக்கும், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டு வரச் சொல்வாள். சில கடைக்காரர்கள் எரிந்து விழுவார்கள். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கடைக்கு ஒரு வரியாக எழுதுவார்கள். நேரத்தை ஒருத்தன் எண்ணிலும் இன்னொருத்தி எழுத்திலும் போட்டிருந்தால், அன்றைக்கு அதைச் சீராக்குவதுதான் பாடம். அந்தக் கோப்பை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தாள். பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

படித்தவர்களில் ஒருவனுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். பிழை ஒன்று கண்ணில் பட்டால் பிடித்த பிடியை விடமாட்டான். அவன் வேலைக்குப் போன நிறுவனம் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துச் செயலியாக்கி, சந்தா கட்டினால்தான் காட்டும் என்று வைத்தது. மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்களும் கொடுத்தது. பதிலுக்கு, பிள்ளைகள் இனிக் கேட்டு வருவதெல்லாம் அந்தச் செயலிக்குள் மட்டுமே போக வேண்டும். மைய முதலாளி வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார்.

கம்ப்யூட்டர்களை இறக்கி வைக்க வந்த உடும்பிடம் அவள் கேட்டாள்.

"நம்ம பிள்ளைங்க வெயில்ல அலைஞ்சு சேத்ததுடா. பூட்டிட்டீங்களே?"

"நாங்க எங்கக்கா பூட்டினோம்? உங்க கோப்பு அங்கேயேதானே இருக்கு. யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு சொல்லிக் கொடுத்தது நீங்கதானே? எடுத்துக்கிட்டோம்."

கேலிக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படித்தான் நினைத்தான். அதுதான் அவளைச் சுட்டது.

வேலையை விட்டுவிடப் போவதாக வீட்டில் சொல்லிப் பார்த்தாள். முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த கணவர், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. மறுநாளும் போனாள். பழைய கோப்பைத் திருத்தி வைக்க, மாலையில் தானே கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்தாள். சில தெருக்களுக்கு மேல் கால் வரவில்லை.

கோப்பு அங்கேயேதான் இருந்தது. கடை திறக்கும் நேரங்கள்தான் மாறிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் அந்தக் கோப்பை நம்பிக் கடை தேடி நடந்திருக்கிறான். போன இடமெல்லாம் பூட்டு. ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. மையத்துக்கு வந்தவன் சண்டை போடவில்லை.

"தெரியலேன்னா தெரியலேன்னு விட்டிருக்கலாமேம்மா" என்றான்.

அன்றைக்கே, வகுப்பு நடக்கும்போதே, கமா அக்கா அந்தக் கோப்பைத் தன் கையாலேயே அழித்தாள். முன்வரிசைப் பெண் ஏன் என்று கேட்டாள்.

"பழசாயிடுச்சும்மா. நீ இன்னைக்குக் கேட்டுட்டு வந்ததை அவங்க செயலியில போடு."